டொமைன் விக்கறதுக்கு கம்பெனிகளுக்கு மெயில் போட்டேன், ஒருத்தர்கிட்ட இருந்தும் பதில் வரல, எப்படி எழுதறது?

கேட்டவர்கிட்ட கோயம்புத்தூர் பம்ப் தொழில் சம்பந்தமா ஒரு டாட் காம் டொமைன், அதாவது வெப்சைட்டுக்கு வைக்கற பேரு இருக்கு, எக்ஸ்பயரி ஏலத்துல, அதாவது பழைய ஓனர் புதுப்பிக்காம விட்ட பேர விக்கற ஏலத்துல எடுத்தது, அந்த ஊர் கம்பெனிகளுக்கெல்லாம் ஒரே மெயில மொத்தமா தட்டி விட்டிருக்கார், ஒருத்தரும் திரும்பிப் பாக்கல, மெயில எப்படி மாத்தி எழுதறதுன்னு கேக்கறார். அனுப்பின மெயிலையும் காட்டியிருக்கார். டொமைன் பேர வெளிய சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால கோவைபம்ப்ஸ்.காம்னு சும்மா ஒரு பேரு வச்சுக்கிட்டு பேசறேன்.

எழுத்த மாத்தறதுக்கு முன்னாடி அந்த மெயில யாரு திறக்கறாங்கன்னு யோசிங்க. கோவைல ஒரு நடுத்தர பம்ப் கம்பெனின்னா இன்ஃபோ, சேல்ஸ்னு ஆரம்பிக்கற ஒரு ஐடி இருக்கும், இல்லன்னா கம்பெனி பேர்லயே ஒரு ஜிமெயில். அத திறக்கறது முதலாளி கிடையாது, ஆபீஸ்ல இருக்கற ஒரு அக்கா, அவங்க தேடறது கொட்டேஷன் கேட்டு வந்த மெயில், பர்ச்சேஸ் ஆர்டர், டீலர் கம்ப்ளெயின்ட். நடுவுல வெப்சைட் பண்ணித் தரோம், கூகுள்ல முதல் பக்கத்துக்கு கொண்டு வரோம், பிசினஸ் லோன் தரோம்னு தினமும் வந்து விழற கூட்டத்துல உங்க மெயிலும் ஒண்ணு. நீங்க எழுதினது "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, இன்றைய டிஜிட்டல் யுகத்தில் ஒரு பிரீமியம் டொமைன் உங்கள் பிராண்டை அடுத்த உயரத்துக்கு எடுத்துச் செல்லும்"னு ஆரம்பிக்குது. அந்த ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல இருக்கற கோடே இது மொத்தமா அனுப்பினதுன்னு சொல்லிடுது. டொமைன் பேரு என்னங்கறது மூணாவது பாராவுலதான் வருது, அது உங்களோடதா இல்ல நீங்க புரோக்கரான்னு எங்கயும் இல்ல, விலை இல்ல, கடைசில "உங்கள் சிறந்த ஆஃபரை தெரிவிக்கவும்". அந்த அக்கா இத டெலீட் பண்ணினதுல தப்பே இல்ல, நானா இருந்தாலும் பண்ணியிருப்பேன்.

நான் சொல்ல வர்றது என்னன்னா, டொமைன் ஏன் நல்லதுன்னு மெயில் மூலமா யாருக்கும் பாடம் நடத்த முடியாது. ஒரு நல்ல பேரோட மதிப்பு புரிஞ்ச ஆளுக்கு நாலு வரி போதும், புரியாதவருக்கு நாப்பது வரி எழுதினாலும் வேலைக்கு ஆகாது. அதனால பாதி வேலைக்கு மேல யாருக்கு அனுப்பறோம்ங்கறதுலயே முடிஞ்சிடுது, மெயில்ங்கறது வெறும் தகவல்தான்: இது என்கிட்ட இருக்கு, விக்கறேன், உங்களுக்கு ஏன் சொல்றேன், விலை இவ்ளோ. அவ்ளோதான்.

யாருக்கு அனுப்பறதுன்னு பாத்தா, முதல்ல கூகுள்ல அந்த வார்த்தைகள நீங்களே தேடுங்க, இங்கிலீஷ்ல கோயம்புத்தூர் பம்ப்ஸ், பம்ப் மேனுஃபேக்சரர், சப்மெர்சிபிள் டீலர்னு விதவிதமா தேடி, மேல ஸ்பான்சர்டுன்னு வர்ற விளம்பரம் யாரோடதுன்னு குறிச்சு வைங்க, ஏன்னா அவங்க ஏற்கனவே இன்டர்நெட்ல ஆள் பிடிக்க மாசாமாசம் காசு கட்டிட்டு இருக்காங்க, பட்ஜெட்னு ஒண்ணு அங்க இருக்கு. அடுத்தது, அதே மாதிரி பேரையே கொஞ்சம் மோசமா வச்சிருக்கறவங்க: நடுவுல ஹைஃபன் போட்டது, டாட் நெட், டாட் சிஓ டாட் இன், இல்ல கம்பெனியோட முழுப்பேரு ரயில் வண்டி மாதிரி நீளமா இருக்கறது. இவங்கதான் ரொம்ப நல்ல பார்ட்டி, தினமும் போன்ல "நடுவுல ஒரு ஹைஃபன் போடுங்க சார்"னு சொல்லிச் சொல்லியே அலுத்துப் போயிருப்பாங்க. பெரிய அளவுல இதுக்கு உதாரணம் டெஸ்லா, பல வருஷம் டெஸ்லாமோட்டார்ஸ்.காம்லயே ஓட்டினாங்க, டெஸ்லா.காம் வாங்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, 1.1 கோடி டாலர் ஆச்சுன்னு எலான் மஸ்க்கே 2018ல ட்விட்டர்ல போட்டார். மூணாவது வகை இந்தியாமார்ட், ஜஸ்ட்டயல்ல பணம் கட்டி லீட், அதாவது பொருள் கேட்டு வர்றவங்க விவரம் வாங்கறவங்க. ஒரே என்கொயரி நாலஞ்சு கம்பெனிக்குப் போய் எல்லாரும் விலையக் குறைச்சுக் குறைச்சு சொல்ற கடுப்பு அவங்களுக்கு நல்லா தெரியும், நேரா தன்கிட்ட மட்டும் வர்ற ஒரு என்கொயரிக்கு என்ன மதிப்புன்னு நீங்க சொல்லியே தர வேண்டாம்.

விட்டுட வேண்டியவங்களும் இருக்காங்க. நாடு முழுக்க பேரு வாங்கின பெரிய பிராண்டுக்கு கோவைபம்ப்ஸ்ங்கற பொதுப்பேரு எதுக்கு, அவங்க பேருக்கே ஜனங்க வர்றாங்க. லேத்து ஒண்ணு போட்டு ஜாப் ஒர்க் பண்ற பட்டறைக்கும் தேவைப்படாது. நடுவுல இருக்கறவங்கதான் உங்களுக்கு, சொந்த பிராண்ட் இருக்கும், ஆனா ஊருக்கு வெளிய அவ்வளவா தெரியாது, வடக்க டீலர் பிடிக்கணும்னு ஆசை இருக்கும், அப்பா ஆரம்பிச்ச கம்பெனிய இப்ப பையனோ பொண்ணோ பாத்துக்குவாங்க. அந்த ரெண்டாவது தலைமுறை ஆள்தான் நீங்க பேச வேண்டியவர். அவரு பேரு கண்டுபிடிக்கறது பெரிய கஷ்டம் இல்ல, பிரைவேட் லிமிடெட்னா கம்பெனி விவகார அமைச்சக சைட்ல டைரக்டர் பேரெல்லாம் இருக்கும், லிங்க்ட்இன் இருக்கு, கொடிசியா கண்காட்சில ஸ்டால் போட்டவங்க லிஸ்ட், சீமா மாதிரி சங்கங்களோட மெம்பர் லிஸ்ட் இதெல்லாம் இருக்கு. முன்னாடி ஹூயிஸ்ல, அதாவது ஒரு டொமைன் யார் பேர்ல இருக்குன்னு காட்டற பதிவுல பாத்தா இதே மாதிரி டொமைன் வச்சிருக்கறவரோட பேரு, மெயில் எல்லாம் வந்துடும், 2018 மே மாசம் ஐரோப்பாவுல ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்ததுல இருந்து அதெல்லாம் மறைச்சுட்டாங்க, இப்ப அந்த சைட்டுக்கே போய் கான்டாக்ட் பக்கம்தான் பாக்கணும். இப்படி சலிச்சு எடுத்தா லிஸ்ட் சின்னதாத்தான் வரும், வரட்டும், மிஞ்சிப் போனா ரெண்டு மூணு டஜன் பேரு. ஆயிரம் பேருக்கு அனுப்பற டொமைன்னா அது யாருக்குமே பொருந்தாத டொமைன்னு அர்த்தம்.

மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, நிறைய பேரு இதுலதான் கோட்டை விடறாங்க. மெயில் படிச்சவர் பதில் போட மாட்டார், முதல்ல அந்த டொமைன பிரவுசர்ல அடிச்சுப் பாப்பார். அங்க என்ன தெரியுது? சைட் கிடைக்கலன்னு எரர் வந்தா இது ஏமாத்து வேலைன்னு முடிவு பண்ணிடுவார். சும்மா கிடக்கற டொமைன்ல விளம்பரம் மட்டும் காட்டற பார்க்கிங் பேஜ்ல அவரோட போட்டி கம்பெனி விளம்பரமே ஓடிட்டு இருந்தா இன்னும் மோசம். ஒரே ஒரு பக்கம் போதும், இந்த டொமைன் விற்பனைக்கு, ஓனர் பேரு, போன் நம்பர், மெயில். மெயில்ல எந்தப் பேரு இருக்கோ அதே பேரு அங்கயும் இருந்தா நீங்கதான் ஓனர்னு தனியா நிரூபிக்க வேண்டிய வேலையே இல்ல. செடோ, ஆஃப்டர்னிக்னு டொமைன் விக்கற சந்தை சைட் எங்கயாவது லிஸ்ட் பண்ணியிருந்தா அங்க என்ன விலை போட்டிருக்கீங்கன்னு ஒரு தடவ பாத்துக்குங்க, மெயில்ல ஒரு லட்சம்னு எழுதிட்டு அங்க 399 டாலர்னு கிடந்தா கதை அங்கயே முடிஞ்சிடும்.

இப்ப மெயில். கோவை கம்பெனிக்கு இங்கிலீஷ்ல எழுதறதுதான் வழக்கம், விஷயம் புரியணும்னு இங்க தமிழ்லயே எழுதிக் காட்டறேன்:

சப்ஜெக்ட்: கோவைபம்ப்ஸ்.காம்

வணக்கம் சார் (அவரோட பேரு போட்டு),

கோவைபம்ப்ஸ்.காம் டொமைன் என்கிட்ட இருக்கு, இப்ப விக்கறேன். உங்க மோனோபிளாக் பம்புக்கு கூகுள்ல விளம்பரம் ஓடறதப் பாத்தேன், அது கொண்டு போய் விடற சைட் பேருல ஹைஃபன் இருக்கு, அதான் உங்களுக்குச் சொல்லலாம்னு எழுதறேன்.

விலை 85,000 ரூபாய். டிரான்ஸ்ஃபர் வேலை எல்லாம் நானே பண்ணித் தரேன்.

வேணும்னா இதுக்கே பதில் போடுங்க, இல்ல கீழ இருக்கற நம்பருக்கு கூப்பிடுங்க. வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மறுபடி தொந்தரவு பண்ண மாட்டேன்.

பேரு, ஊரு, போன் நம்பர்.

இவ்ளோதான் மெயில். சப்ஜெக்ட்ல டொமைன் பேரு மட்டும், அவசரம்னு போடறது, முன்னாடியே பேசின மாதிரி, பதில் மெயில்ல வர்ற ஆர்இய சப்ஜெக்ட்ல போட்டு ஏமாத்தறது எல்லாம் வேண்டாம். ரெண்டாவது வரி மட்டும் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறணும், அவங்க சைட்ட நிஜமாவே பாத்தவர் மட்டும் எழுதக்கூடிய வரியா இருக்கணும், அப்படி ஒரு வரி உங்களால எழுத முடியலன்னா அந்தக் கம்பெனிய லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. படம், லோகோ, பிடிஎஃப் எதுவும் சேக்காதீங்க. ஆன்லைன் ரியல் எஸ்டேட்னு ஆரம்பிக்காதீங்க. வாய்ஸ்.காம் 2019ல 3 கோடி டாலருக்கு வித்தது நிஜம்தான், ஆனா பீளமேட்டுல பம்ப் பண்றவருக்கு அத எழுதினா சிரிச்சுட்டு மூடிடுவார். முக்கியமா, இத வாங்கினா கூகுள்ல முதல்ல வருவீங்கன்னு வாக்கு குடுக்காதீங்க, தேடற வார்த்தையே டொமைன்ல இருந்தா மேல வர்ற காலம் இருந்தது, 2012 செப்டம்பர்லயே கூகுள் அதுக்குன்னு ஒரு அப்டேட் விட்டு தரமில்லாத சைட்டையெல்லாம் கீழ தள்ளிடுச்சு. அவரோட சைட்ட கூகுள்ல மேல கொண்டு வர்ற எஸ்இஓ ஆள் ஒரு நிமிஷத்துல உங்கள பொய்யனாக்கிடுவார்.

விலை மெயில்லயே போடணுமா வேண்டாமாங்கறதுல இந்தத் தொழில்ல இருக்கறவங்களே ரெண்டு கட்சி. என் கணக்கு, ரெண்டு லட்சத்துக்குள்ள எதிர்பாக்கறீங்கன்னா போட்டுடுங்க. ஆஃபர் சொல்லுங்கன்னா நம்ம ஊரு ஆளு 2,000 ரூபாய்னு சொல்லுவார், ஏன்னா அவருக்குத் தெரிஞ்ச டொமைன் விலை அதுதான், அங்க இருந்து அவர மேல ஏத்தறது ரொம்ப கஷ்டம். ரொம்பப் பெரிய பேரு, வாங்கறவரும் பெரிய கம்பெனின்னா மட்டும் விலை போடாம பேச்ச ஆரம்பிக்கலாம். எவ்ளோ போடறதுன்னு தெரியலன்னா, வித்த டொமைன் விலையெல்லாம் சேத்து வச்சிருக்கற நேம்பயோ சைட்ல ஊர் பேரு, தொழில் பேரு சேந்த டொமைன் முன்னாடி என்ன விலைக்குப் போயிருக்குன்னு தேடிப் பாருங்க, அமெரிக்க ஊர்ப் பேருகளே பலதும் சில நூறு டாலர்ல இருந்து சில ஆயிரம் டாலருக்குள்ளதான் இருக்கும், அதையும் விட ஜாஸ்தியா நம்ம ஊருக்கு எதிர்பாக்கறது நியாயமில்ல. நீங்க ஏலத்துல என்ன குடுத்தீங்கங்கறது வாங்கறவருக்கு சம்பந்தமே இல்லாத விஷயம், அத எந்தக் காரணத்துக்கும் எழுதாதீங்க.

பதில் வந்தா முதல் கேள்வி "புது டொமைன் ஆயிரம் ரூபாய்க்கு கிடைக்குதே, இதுக்கு ஏன் 85,000?"ங்கறதாத்தான் இருக்கும். கோபப்படாதீங்க, நியாயமான கேள்விதான், டாட் காம் பேரையெல்லாம் நிர்வகிக்கற வெரிசைன் கம்பெனி, நமக்கு டொமைன் பதிஞ்சு தர்ற ரெஜிஸ்ட்ராருக்குப் போட்ட விலையே 2024 செப்டம்பர்ல 10.26 டாலர்தான். "ஆமாங்க, யாரும் எடுக்காத பேருக்கு அந்த விலைதான், இந்தப் பேர ஏற்கனவே எடுத்தாச்சு, இது ஒண்ணுதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு விட்டுடுங்க. ரெண்டு மூணு தவணையா குடுக்கலாம்னு சொன்னா சில பேரு இறங்கி வருவாங்க. உடனே பாதியா குறைக்காதீங்க, பத்து பதினஞ்சு பர்சன்ட் குறைக்கற இடம் முதல்லயே மனசுல வச்சுக்கிட்டு விலை போடுங்க, நம்ம ஊர்ல பேரம் பேசாம எதுவும் முடியாது, குறைச்சு வாங்கினோம்ங்கற திருப்தி அவருக்கும் வேணும்ல.

பதில் வரலன்னா அஞ்சாறு நாள் கழிச்சு அதே மெயிலுக்குக் கீழயே ரெண்டு வரி, அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சு கடைசியா ஒண்ணு, அதோட நிறுத்திடுங்க. "நீங்க வாங்கலன்னா உங்க போட்டியாளர்கிட்ட குடுத்துடுவேன்"னு மட்டும் எழுதவே கூடாது, எழுதறவருக்கு அது சாமர்த்தியமா தோணும், படிக்கறவருக்கு மிரட்டல். மத்தவங்ககிட்டயும் பேசிட்டு இருக்கேன்னு சாதாரணமா சொல்றது வேற, அது உண்மையா இருந்தா தப்பில்ல.

நம்ம ஊருக்கு மெயில விட போன் நல்லா வேலை செய்யும்ங்கறதும் உண்மை, மெயில் போட்ட மறுநாள் கூப்பிடுங்க. அங்கயும் ஒரு விஷயம் இருக்கு. "வெப்சைட் விஷயமா பேசணுங்க"ன்னு ஆரம்பிச்சா "எங்களுக்கு வெப்சைட் இருக்குதுங்க"ன்னு சொல்லி வச்சுடுவாங்க, டிசைன் பண்றவர்னு நினைச்சுக்குவாங்க. "கோவைபம்ப்ஸ் டாட் காம்ங்கற பேரு என்கிட்ட இருக்குங்க, அத விலைக்குத் தரலாம்னு இருக்கேன், இந்த மாதிரி விஷயம் அங்க யாருங்க பாக்கறாங்க?"ன்னு கேளுங்க. நம்பர் கிடைச்சா அதே நாலு வரிய வாட்ஸ்அப்ல அனுப்பலாம், காலைல ஷிஃப்ட் ஆரம்பிக்கற நேரம் வேண்டாம், மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு பாருங்க.

மெயில் எந்த ஐடில இருந்து அனுப்பறதுன்னும் கேட்டிருந்தீங்க. விக்கற டொமைன்லயே ஒரு ஐடி வச்சு அனுப்பினா ஓனர்ங்கறது தானா தெரியும்னு சில பேரு சொல்வாங்க, லாஜிக் சரிதான், ஆனா நாலு பேரு ஸ்பேம்னு அமுக்கினா கெட்டுப் போறது நீங்க விக்கப்போற சரக்கோட பேருதான், வாங்கினவர் நாளைக்கு அதுல இருந்து கொட்டேஷன் அனுப்பினா ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகும். அதனால உங்க சொந்தப் பேருல தனியா ஒரு டொமைன் வச்சு மெயில் நிஜமாவே உங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்ங்கற மூணு செட்டிங்கையும் செட் பண்ணி அனுப்புங்க, 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் இதுல ரொம்ப கறார். சொந்தப் பேருல ஒழுங்கான ஜிமெயில் ஐடியும் பரவால்ல, ஏதோ கிங், மாஸ்டர்னு பேரு வச்ச ஐடி வேண்டாம். ஒவ்வொண்ணா கையாலயே அனுப்புங்க.

வேற டொமைன் ஏதாவது வெளிநாட்டு கம்பெனிக்கு விக்கப் போறீங்கன்னா அந்தந்த நாட்டுச் சட்டம் இருக்கு. அமெரிக்காவுல கேன் ஸ்பேம் சட்டம், 2003ல வந்தது, கம்பெனிக்கு அனுப்பற மெயிலுக்கும் பொருந்தும்: அனுப்பறவர் யாருன்னு பொய் சொல்லக்கூடாது, சப்ஜெக்ட் ஏமாத்தக்கூடாது, உங்க தபால் முகவரி இருக்கணும், வேண்டாம்னு சொல்ல வழி இருக்கணும், சொன்னா 10 வேலை நாளுக்குள்ள நிறுத்தணும். கனடா, ஜெர்மனி எல்லாம் இதவிட கறார், சம்மதம் இல்லாம விளம்பர மெயிலே போடக்கூடாதுங்கற பக்கம் நிக்கறாங்க, அங்கெல்லாம் நான் போன் நம்பர் போட்ட விற்பனைப் பக்கத்தோட நிறுத்திக்குவேன்.

இன்னொரு விஷயம், உங்க டொமைன் பொதுப்பேருங்கறதால தப்பிச்சீங்க. இதையே டெக்ஸ்மோ, சிஆர்ஐ மாதிரி ஒரு பிராண்ட் பேரோட சேத்து எடுத்து வச்சிருந்தா, நீங்க அனுப்பற விற்பனை மெயிலே உங்களுக்கு எதிரான சாட்சி. டிரேட்மார்க் வச்சிருக்கறவருக்கோ அவரோட போட்டியாளருக்கோ கைக்காசுக்கு மேல விலை வச்சு விக்கறதுக்காகவே டொமைன் எடுத்தது கெட்ட நோக்கம்னு டாட் காம் மாதிரி டொமைன் தகராறுக்கான யுடிஆர்பி விதியிலயே எழுதியிருக்கு, டாட் இன் டொமைனுக்கு ஐஎன்டிஆர்பினு தனியா ஒரு விதி இருக்கு. 2024 அக்டோபர்ல நடந்தது ஞாபகம் இருக்கும், டெல்லில ஒரு டெவலப்பர் ஜியோவும் ஹாட்ஸ்டாரும் சேரப்போகுதுன்னு கணக்குப் போட்டு முன்னாடியே ஜியோஹாட்ஸ்டார்.காம் வாங்கி வச்சு, கேம்பிரிட்ஜ் படிப்புக்கு பணம் குடுத்தா தரேன்னு அந்த சைட்லயே கடிதம் போட்டார். ரிலையன்ஸ் ஒத்துக்கல, சட்ட நடவடிக்கைன்னு வந்துடுச்சு, கடைசில ரிலையன்ஸ்கிட்ட இருந்து அவருக்கு அந்தப் பணம் கிடைக்கல. கடிதம் என்னவோ ரொம்ப பணிவாத்தான் இருந்தது.

சரி, ஒருத்தர் வாங்கறேன்னு சொல்லிட்டார்னா, அன்னைக்கே முடிக்கப் பாருங்க, நாலு நாள் இழுத்தா ஆடிட்டர், மச்சான்னு யாராவது வந்து மனச மாத்திடுவாங்க. ஜிஎஸ்டி பில் கேப்பாங்க, உங்களுக்கு நம்பர் இல்லன்னா பேச்சு ஆரம்பிக்கும்போதே சொல்லிடுங்க, வரி விஷயத்த ஒரு ஆடிட்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. வெளிநாட்டு பார்ட்டின்னா எஸ்க்ரோ.காம் மாதிரி ஒண்ணு மூலமா போறது ரெண்டு பேருக்கும் நிம்மதி, பணம் அங்க வந்ததும் நீங்க டொமைன மாத்தறீங்க, வந்துடுச்சுன்னு அவர் சொன்னதும் பணம் உங்களுக்கு. கோவைக்குள்ளயேன்னா நேர்ல போய் அவரோட ஐடி ஆள் பக்கத்துல உக்காந்து, நீங்க இருக்கற அதே ரெஜிஸ்ட்ரார்ல அவங்களுக்கு ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, பணம் ஏறினதும் அங்கயே அந்த அக்கவுண்டுக்கு டொமைன புஷ் பண்ணி மாத்திடுங்க, டொமைன மாத்தறதுக்கான ரகசிய எண்ணான ஆத் கோடு வாங்கி வேற ரெஜிஸ்ட்ராருக்கு மாத்தறதுன்னா நாள் பிடிக்கும், சமீபத்துல எடுத்த டொமைன்னா 60 நாள் லாக் வேற இருக்கலாம். முடிஞ்ச கையோட செடோ, ஆஃப்டர்னிக் லிஸ்டிங் எல்லாத்தையும் எடுத்துடுங்க, வித்த டொமைன அங்க இன்னொருத்தர் பணம் கட்டி வாங்கிட்டா அவருக்கு பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.